அக்காவின் கட்டிலுக்கு ஒரு தலைமாட்டுப் பலகை

கட்டில் பட்டறையில் என் அத்தானுக்குக் கொடிக்காரர் என்று பெயர். தலைமாட்டுப் பலகையில் கொடி செதுக்குவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. பாலிஷ் போடுகிற எனக்குத்தான் அந்தக் கொடியைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். ஒவ்வொரு இலைக்குள்ளும் துணியை நுழைத்துத் துடைக்க வேண்டும்.

யோசித்தால் அந்தப் பலகைக்கு இருந்த வேலை ரொம்பச் சின்னது. சுவரின் குளிர் தலையில் ஏறக்கூடாது, தலையணை பின்னால் விழக்கூடாது. அவ்வளவுதான். வசதி வந்தவர்கள்தான் அதைப் பெருமைக்கு ஆக்கிவிட்டார்கள். அத்தான் வேலைக்குச் சேர்ந்தபோது ஆள் உயரப் பலகை, இண்டு இடுக்கு விடாமல் செதுக்கல். பிறகு பஞ்சு வைத்துப் பொத்தான் தைக்கச் சொன்னார்கள். இப்போது போன் சார்ஜ் போட பிளக் வேண்டுமாம். எல்லாவற்றையும் செய்து செய்து அவருக்குத் தோள்பட்டை போய்விட்டது. சாயங்காலம் பேச்சுக் கொடுத்தால், "முடியல மாப்ளே" என்பார். வேறு பேச்சு கிடையாது.

அவர் வீட்டில் இருந்ததோ வெறும் இரும்புக் கட்டில். அக்காவுக்கு இதயம் பலவீனமாகி, படுத்தாலே மூச்சு முட்டியது. சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூங்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தலையணையை அடுக்கினால் சரிந்து விழும். தூக்கமில்லாமல் அவள் பாதியாகிப்போனாள்.

பட்டறை முடிந்து வந்து, அந்தத் தோளை வைத்துக்கொண்டே அத்தான் பலகை செய்தார். நட்டநடுவில் ஆழமாகக் கொடி. நான் பல்லைக் கடித்துக்கொண்டு பாலிஷ் போட்டேன்.

"ரொம்ப நல்லாருக்குங்க," என்றாள் அக்கா.

அடுத்த வாரம் நான் போனபோது, கட்டில் ஓரத்தில் குனிந்து உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். முதுகு வலிக்கிறது என்றாள். தைலம் தேய்க்கப் போன அத்தான் அப்படியே நின்றுவிட்டார். முதுகெல்லாம் இலை இலையாகக் கன்றிப்போயிருந்தது.

"ஏன்டி சொல்லல?"

"தோள் வலியோட செஞ்சீங்க. எந்த வாயால சொல்றது?"

எனக்கு வந்த கோபத்தில், "இத்தனை வருஷத்துல ஒரு தடவகூட சாஞ்சு பாத்ததில்லையா அத்தான்?" என்று கத்தினேன்.

"இல்லடா."

பட்டறையில் யாருமே சாய்ந்து பார்ப்பதில்லை. வாங்குகிறவர்கள் வாசலில் நின்று பார்ப்பார்கள். அதனால் நாங்களும் வாசலில் நின்று பார்த்துத்தான் சரி என்போம்.

அத்தான் திருகாணிகளைக் கழற்றிப் பலகையைத் திருப்பி மாட்டினார். கொடி சுவர்ப் பக்கம் போயிற்று. கட்டை கொடுத்துப் பலகையைக் கொஞ்சம் பின்னுக்குச் சாய்த்தார். வேலைச் சட்டையோடு கட்டிலில் ஏறித் தானே சாய்ந்து பார்த்தார். பிடிக்கவில்லை. இறங்கிக் கட்டையை மாற்றி, திரும்ப ஏறிச் சாய்ந்தார். அவர் படுகிற பாட்டைப் பார்த்து என் கோபமெல்லாம் இறங்கிவிட்டது.

அப்புறம்தான் அக்காவைத் தாங்கிப் பிடித்துச் சாய்த்தார். அவள் முதுகு மெல்லத் தளர்ந்தது.

"கொடி வீணாப்போச்சேங்க," என்றாள், கண்ணை மூடியபடி.

"போவட்டும். நீ தூங்கு," என்றார் அத்தான்.

அவள் அதற்குள் தூங்கியிருந்தாள்.