கணக்கில் சேராத பதில்

பாண்டீஸ்வரிக்கு எழுத்து வரும், பேச்சு வராது. இரண்டு பேர் முகத்தைப் பார்த்தால் ஒரு வார்த்தைக்கு மேல் வராது. பேரையூரிலிருந்து மதுரைக்கு வந்து பி.ஏ. வரலாறு சேர்ந்த முதல் வருடம் அது குறையாகவே தெரியவில்லை. வீட்டில் எழுதி வரும் கட்டுரைக்கு மதிப்பெண் இருந்தது. அதைவிட, ராதாமணி மேடம் தாள் ஓரத்தில் பென்சிலால் ஏதாவது கேட்டிருப்பார். அவள் அடுத்த கட்டுரையில் பதில் சொல்வாள். நேரில் இருவருக்கும் வணக்கத்துக்கு மேல் பேச்சில்லை. செமஸ்டர் விடைத்தாள் எங்கோ போய் யாரோ திருத்துவது. அதில் இந்தச் சுகம் கிடையாது.

இரண்டாம் வருடம் வகுப்பே ஏஐயிடம் கட்டுரை வாங்க ஆரம்பித்தது. ‘எங்கள் ஊர்க் கண்மாய்’ என்ற தலைப்புக்கு வந்ததில் பாதி ஒரே கட்டுரை.

“ஏம்மா தமிழ்ச்செல்வி, உங்க ஊர்க் கண்மாய்ல வருசம் பூரா படகு ஓடுதா?”

“மேலூர்ல ஓடலை மேடம். செல்போன்ல ஓடுது.”

வகுப்பு சிரித்தது. மேடமும் சிரித்துவிட்டார். ஆனால் அடுத்த மாதமே துறையில் பேசி, வீட்டுக் கட்டுரையை நிறுத்திவிட்டார்கள். இனி மாணவர்கள் ஊரில் போய்ப் பார்த்து வந்து, இரண்டு ஆசிரியர்கள் முன்னால் வாயால் சொல்ல வேண்டும். தலைப்பு அதே கண்மாய்தான்.

பாண்டீஸ்வரி போனாள். மடை திறப்பவர் பின்னாலேயே வரப்பில் நடந்தாள். கட்டுரைக்கான வாக்கியங்கள் தாமாக வந்துகொண்டிருந்தன. தேர்வில் கேட்க ஆள் இருக்கிறது, படிக்கத்தான் இல்லை.

தேர்வன்று ராதாமணி மேடம் பக்கத்தில் ராஜகுரு சார் உட்கார்ந்திருந்தார்.

“மடைய யாரு தெறப்பாங்க?” என்றார் மேடம்.

“நீர்பாய்ச்சி.”

“தண்ணி பத்தலைன்னா யாருக்கு மொதல்ல?”

தெரியும். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

“தண்ணி குடிம்மா, அவசரமில்ல,” என்றார் சார். குடித்தாள். அப்புறமும் வரவில்லை. சார் மதிப்பெண்ணை எழுதினார்.

வெளியே தமிழ்ச்செல்வி பிடித்துக்கொண்டாள். “என்ன புள்ள, பேசுனியா?”

“ஒரு வார்த்தை.”

“அடிப்பாவி! ஒண்ணுமே பாக்காம நான் அம்புட்டு நேரம் அளந்துவிட்டேன். நீ வெயில்ல அலைஞ்சிட்டு வந்து இப்படி நிக்கிற!”

எல்லோரும் போனபின் பாண்டீஸ்வரி திரும்ப உள்ளே வந்தாள். மேடம் தனியாக இருந்தார்.

“மார்க் போட்டாச்சும்மா. மாத்த முடியாது.”

அவள் தலையாட்டினாள். ஆனாலும் போகவில்லை.

ராதாமணி மேடம் கீழவாசல் பக்கம் பிறந்து வளர்ந்த சௌராஷ்டிரர். தெப்பக்குளத்தைத் தவிர நீர்நிலை பார்த்தவரில்லை. தண்ணீர் யாருக்கு முதலில் என்ற அந்தக் கேள்விக்கு அவருக்கும் பதில் தெரியாது. எழுந்து, நாற்காலியைத் திருப்பிப் போட்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தார்.

“நான் பாக்கல. சொல்லு.”

அந்த முதுகைப் பார்த்து அவள் சொல்ல ஆரம்பித்தாள். வாய்க்கால் முடிகிற கடைமடை வயலிலிருந்து தொடங்கும் தண்ணீர் முறை, அதற்கு நடந்த சண்டை, இந்த வருடம் கண்மாயில் தண்ணீர் பத்தாமல் முறையே வைக்க முடியாமல் போனது. சொல்லச் சொல்ல வாக்கியங்கள் உடைந்தன. எழுதியிருந்தால் ஒன்றைக்கூட இப்படி விட்டிருக்க மாட்டாள்.

“முறையே வைக்காத வருசம் நீர்பாய்ச்சி என்ன செய்வார்?” என்று ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார் மேடம்.

நல்ல கேள்வி. கட்டுரை ஓரத்தில் பென்சிலால் இருந்திருக்க வேண்டிய கேள்வி.

“இத எழுதிட்டு வரட்டா மேடம்?”

“மார்க் கணக்குல சேராதும்மா.”

“தெரியும் மேடம்.”

மேடம் திரும்பவில்லை.

“நெறையா எழுது,” என்றார்.