எங்கள் வீட்டு நோயாளி

அந்த வருடம் எங்கள் வீட்டில் நோயாளி நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. லயத்துப் பிள்ளைகளில் வேறு யாருக்கும் டவுன் டாக்டர் கிடையாது. காய்ச்சலோ கட்டியோ, தோட்டத்து டிரசர் ஊற்றிக் கொடுக்கும் அதே சிவப்புத் தண்ணீர்தான் எல்லாருக்கும். நான் மட்டும் மாதம் இரண்டு முறை முகத்தில் பவுடர் அப்பி, ரிப்பன் கட்டி, அக்காவோடு பஸ் ஏறி மலாக்காவுக்குப் போய் லேடி டாக்டரைப் பார்த்துவிட்டு வருவேன். வயிற்றில் ஏதோ சீக்கு என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் நடந்துகொண்டிருந்த நேரம். எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஆட்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். போக வர ஒரே ஒரு கேட். அதில் துப்பாக்கியோடு மலாய்க் காவலர்கள் நிற்பார்கள். காட்டுக்குள் ஒளிந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக்கூடாது என்று, வெளியே போகிறவர்களைத் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். ஒரு பிடி அரிசி மடியில் இருந்தாலும் வம்புதான். வேலைக்குப் போகிறவர்களைத் தவிர வேறு யார் வெளியே போனாலும் கிராணியிடம் காரணம் சொல்ல வேண்டும். கிராணி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர். துரையைக்கூடச் சமாளித்துவிடலாம், அவரைச் சமாளிக்க முடியாது என்று அப்பா சொல்வார்.

அக்காவுக்கு அப்போது பதினாறு வயது இருக்கும். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் காலை, வேலைக்கு ஆள் ஏற்றிப் போன லாரியைக் காட்டோரத்தில் வைத்துக் காட்டுக்காரர்கள் சுட்டார்கள். அக்காவின் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு போன அவள் தோழி அப்படியே செத்துப்போனாள். அக்காவின் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. சாமி காப்பாற்றிவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். அம்மா மாரியம்மனுக்குப் பொங்கல்கூட வைத்தாள்.

அதற்குப் பிறகுதான் வந்தது வினை. அக்கா தூங்குவதில்லை. சாப்பாட்டில் கை வைத்தபடி உட்கார்ந்திருப்பாள், சோறு காய்ந்துவிடும். குழாயடிக்குப் போனால் தோளைத் தேய்த்துக்கொண்டே இருப்பாள், தோல் சிவந்து புண்ணாகும் வரைக்கும். எங்காவது லாரிச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய் ஒடுங்கிவிடுவாள். வேலைக்குப் போவது நின்றுபோனது. காத்து கருப்பு என்றார்கள். வேப்பிலை அடித்தார்கள், கயிறு கட்டினார்கள். அவள் எல்லாவற்றுக்கும் பேசாமல் உட்கார்ந்து கொடுத்தாள், அவ்வளவுதான்.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இரண்டு பயம். ஒன்று, விஷயம் துரை காதுக்குப் போனால் அக்காவைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள். பெரிய ஆஸ்பத்திரி என்றால் வேறு மாநிலத்தில் இருந்த பைத்தியக்கார ஆஸ்பத்திரி. அங்கே போனவர்கள் திரும்பி வந்து எங்கள் லயத்தில் யாரும் பார்த்ததில்லை. இன்னொன்று, பைத்தியம் என்று பெயர் வாங்கிவிட்டால் எவன் வந்து தாலி கட்டுவான்?

வழி சொன்னவர் டிரசர். ஒரு மத்தியானம் வீட்டுக்கு வந்து தாழ்ந்த குரலில் அவர் பேசியதை அம்மா எனக்குப் பல வருடம் கழித்துத்தான் சொன்னாள்.

“டவுன்ல கவர்மெண்ட் கிளினிக் ஒண்ணு இருக்கும்மா. அங்க ஒரு லேடி டாக்டர், தமிழ்க்காரங்க. ஒக்கார வச்சு, காது குடுத்துக் கேப்பாங்க. ஆனா அது சின்னப் பிள்ளைங்க கிளினிக் லா. இவ்வளவு பெரிய பொண்ணை உள்ள விடமாட்டாங்க.”

அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், பேச்சு சட்டென்று நின்று அவரும் அப்பாவும் அம்மாவும் என்னைத் திரும்பிப் பார்த்ததுதான். நான் அப்போது இரண்டாவது தட்டுச் சோற்றில் இருந்தேன்.

“இவளுக்குத்தான் உடம்பு சரியில்ல,” என்றாள் அம்மா.

நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன். வயிற்றில் பூச்சி என்று டிரசர் கிராணியிடம் சொல்லிவிட்டார். நானும் எவ்வளவு தின்றாலும் ஒட்டாத உடம்புக்காரி. பார்க்கிறவர்கள் ‘ஐயோ பாவம்’ என்றார்கள். ஓடக்கூடாது, கத்திச் சிரிக்கக்கூடாது, ஆள் வந்தால் பாயில் சுருண்டு படுத்துக்கொள்ள வேண்டும் என்று அம்மா சட்டம் போட்டாள். எனக்கு ஏழு வயது. அம்மா சொன்னால் அது நிஜம். கொஞ்ச நாளில் வயிறு உண்மையாகவே வலிக்க ஆரம்பித்துவிட்டது.

பஸ் தஞ்சோங் கிளிங் கடலோரமாகப் போகும். முதல் சில தடவை அக்கா தலையில் துண்டைப் போட்டு, கடலைப் பார்க்காமல் மடியைப் பார்த்துக்கொண்டே வந்தாள். கிளினிக்கில் டாக்டரம்மாவுக்கு டிரசர் முன்பே ஆள் மூலம் சொல்லியனுப்பியிருந்தார் போல. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் பேசும் தமிழைக் கேட்டாலே எனக்குச் சிரிப்பு வரும்.

“என்ன பிள்ளை, வயிறு நோகுதோ?”

“நோகுது,” என்பேன் பெருமையாக.

வயிற்றை ஓர் அழுத்து அழுத்துவார். நாக்கை நீட்டச் சொல்வார். அவ்வளவுதான் என் வைத்தியம். “கெட்டிக்காரப் பிள்ளை, அங்கை போய் இருந்து விளையாடுங்கோ,” என்று மரக்கட்டைகள் போட்ட ஒரு டின்னைக் கையில் கொடுத்துவிட்டுத் திரையை இழுத்துவிடுவார். அதற்குப் பிறகு உள்ளே அவரும் அக்காவும்தான். கட்டைகளை அடுக்கி, இடித்து, மறுபடி அடுக்கி, எனக்கு அலுத்தே போய்விடும், இவர்கள் பேச்சு மட்டும் முடியாது.

இது என்ன நியாயம்? வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவள் நான். ஒருநாள் பஸ்ஸில் பொறுக்கமுடியாமல் கேட்டேவிட்டேன்.

“ஒங்கிட்ட மட்டும் என்ன அவ்வளவு நேரம் பேசுறாங்க?”

“ஒன்னப் பத்தித்தான்,” என்றாள் அக்கா.

அத்தனை நேரம் பேச வேண்டிய நோயா எனக்கு என்று அன்றைக்குப் பயந்தே போனேன். அவர்கள் உண்மையில் என்ன பேசினார்கள் என்பதை, எனக்கே பிள்ளைகள் பிறந்த பிறகு அக்கா சொன்னாள். லயத்தில் யாருமே அந்தத் தோழியின் பெயரை எடுப்பதில்லை. எடுத்தால் அக்காவுக்குத் தாங்காது என்று நல்ல மனதோடுதான் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். டாக்டரம்மா அவளைப் பற்றித்தான் கேட்டாராம். அவள் எப்படிச் சிரிப்பாள், என்ன பலகாரம் பிடிக்கும், யாரைப் பார்த்தால் வெட்கப்படுவாள் என்று. சொல்லிச் சொல்லி அழுதேன், அழுத ராத்திரிகளில்தான் தூக்கம் வந்தது என்றாள்.

எனக்குத் தெரிந்தது வேறு. அக்கா துண்டை எடுத்துவிட்டுக் கடலைப் பார்க்க ஆரம்பித்தாள். பஸ் ஸ்டாண்டில் எனக்குச் சர்பத் ஊற்றிய ஐஸ் உருண்டை வாங்கித் தந்து, அதில் அவளும் ஒரு கடி கடித்தாள். லாரிச் சத்தம் கேட்டால் கதவு நிலையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள், ஆனால் நின்ற இடத்தில் நின்றாள். அம்மா அதைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போய் முந்தானையால் மூக்கைச் சிந்துவாள்.

அந்த நேரம் பார்த்துத் தோட்டத்துப் பள்ளியில் விளையாட்டுப் போட்டி வந்தது. அம்மா பால் வெட்டுக்குப் போயிருந்தாள். வாத்தியார் வரிசையில் ஆள் குறைகிறதென்று என்னையும் பிடித்து நிறுத்திவிட்டார். விசில் ஊதினால் கால் சும்மா இருக்குமா? ஓடினேன். திடலே கை தட்டியது. முதலாவதாக வந்த எனக்குத் துரைசானி ஒரு பீங்கான் கோப்பை கொடுத்தாள். பக்கத்திலேயே நின்று பெயர் வாசித்தவர் கிராணி.

அடுத்த கிளினிக் நாள், மத்தியானம், கேட்டில் சைக்கிளைக் குறுக்கே போட்டுக்கொண்டு அவர் நின்றார். எங்களை வழியனுப்ப அம்மாவும் வந்திருந்தாள். பாலை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் வாளியோடு வரிசையாக உள்ளே வந்துகொண்டிருந்தார்கள்.

“ஏம்மா, ஓட்டத்துல மொதலா வந்த பிள்ளைக்கு என்ன சீக்கு லா?”

“உள்ளுக்குள்ள சீக்குங்கய்யா,” என்றாள் அம்மா. கீழே என் தொடையைக் கிள்ளினாள். “வலிக்குதுன்னு சொல்லுடி.”

“வலிக்குது,” என்றேன். கிள்ளியது வலித்தது.

கிராணி சிரிக்கவில்லை. “பிள்ளைக்கு ஒண்ணுமில்ல. அப்ப இந்தப் பொண்ணு எதுக்கு மாசா மாசம் டவுனுக்குப் போவுது? யாரப் பாக்க? யாருக்கு என்னத்தக் கொண்டு போவுது?”

வரிசை அப்படியே நின்றுவிட்டது. அந்தக் காலத்தில் அது சாதாரணக் கேள்வி இல்லை. காட்டுக்காரர்களுக்குத் தூது போகிறாள் என்று ஒரு சொல் விழுந்தால் போதும், ஜீப் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். கேட்டின் குறுக்குக் கட்டை மேல் சாய்ந்திருந்த காவலர் துப்பாக்கியை நேராக்கிக்கொண்டு கிட்டே வந்தார். உண்மையைச் சொன்னால் லயம் முழுக்கக் கேட்கும், சொல்லாவிட்டால் ஜீப். 

“சீக்கு என் தங்கச்சிக்கு இல்லைங்கய்யா,” என்றாள் அக்கா. “எனக்குத்தான்.”

அத்தனை பேர் நடுவில் அவள் குரலைக் கேட்டு எத்தனையோ மாதமாகிவிட்டது.

“லாரியில அவ செத்ததுலேருந்து எனக்குத் தூக்கமில்ல. மனசு சரியில்ல. டாக்டரம்மா என்னைத்தான் பாக்குறாங்க. இப்ப கொஞ்சம் பரவால்ல. நான் போவணுங்கய்யா.”

“பொய்!” என்று கத்தினேன் நான். மண்ணில் காலை உதைத்தேன். “பொய் சொல்றா! சீக்கு எனக்கு! டாக்டரம்மா எனக்கு!”

யாரோ பின்னால் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். வரிசையில் நின்ற ஒரு பெண் வாளியைக் கீழே வைத்தாள். செத்துப்போன தோழியின் அம்மா அவள்.

“கிராணியாரே, விடுங்க. எம் பிள்ளைதான் போயிட்டா. இதாவது பொழைக்கட்டும்.”

காவலருக்குத் தமிழ் எவ்வளவு புரிந்ததோ தெரியாது. “சூடா லா,” என்று கிராணியிடம் மலாயில் சலிப்பாகச் சொல்லிவிட்டு, போதும் என்பதுபோல் கையை அசைத்துக் குறுக்குக் கட்டையைத் தூக்கினார். கிராணிக்கும் தன் மரியாதையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமே. “சரி, அது போவட்டும். சீக்கில்லாத பிள்ளைக்கு வெளிய என்ன வேலை? இவ உள்ளயே கெடக்கட்டும்,” என்றார்.

கிளினிக்கில் பெரிய பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு மத்தியானம் ஒதுக்கினார்கள், அதற்கு வெகுநாள் கழித்து. டாக்டரம்மா மேலிடத்தில் சண்டை போட்டு வாங்கினார் என்று டிரசர் சொன்னார். தோட்டங்களிலிருந்து பெண்களும் பையன்களும் தங்கள் சொந்தப் பெயரிலேயே போனார்கள். தம்பி தங்கையைச் சீக்காளியாக்க வேண்டியிருக்கவில்லை. பைத்தியம் என்ற பெயரும் அக்காவுக்குக் கொஞ்ச காலம் இருந்தது, ஒரு வரன் தட்டிப்போனது, அடுத்த வரன் அமைந்தது.

அன்றைக்கு அதெல்லாம் யாருக்குத் தெரியும்? அக்கா முதல்முறையாகத் தனியாகக் கேட்டைத் தாண்டிப் போனாள், திரும்பிக்கூடப் பார்க்காமல். என் பஸ், என் டாக்டர், என் ஐஸ் உருண்டை எல்லாவற்றையும் ஒரே பொய்யில் பிடுங்கிக்கொண்டு போகிறாளே என்று எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வேலிக் கம்பிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அம்மா ஓவென்று அழுதாள். எனக்காகத்தான் இப்படி அழுகிறாள் என்று நினைத்து, அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, “விடும்மா, அடுத்த வாட்டி நான் போறேன்,” என்று சமாதானம் சொன்னேன்.