மூணும் கேட்டுச்சு பாய்

வலைக்கடை ஜமால் பாய் இறந்துவிட்டார்.

மூன்று பிடி மண் போட்டுவிட்டு வந்துதான் இதை டைப் பண்ணுகிறேன். இன்னும் நம்பவில்லை. காலையில் கடை ஷட்டரைப் பாதி தூக்கினவர், "இரு, மூச்சு வாங்குது" என்று படியில் உட்கார்ந்தாராம். அவ்வளவுதான்...

நேற்று சாயங்காலம் ஐஸ் இறக்கும்போது என்னைத் திட்டின மனுஷன்யா! "தண்ணிய என் கடை வாசல்ல வுடாதடா கஸ்மாலம்"னு. நல்லாத்தானே இருந்தார்?

வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். பாய் பழவேற்காடு பஜாரில் வலை, கயிறு, மிதவை விற்றவர். என் ஐஸ் கடைக்கு அடுத்த கடை. ஆனால் ஊரில் யாரைக் கேட்டாலும் "துப்பாக்கி பாயா?" என்றுதான் கேட்பார்கள்.

அவர் வீட்டு பீரோவில் தாத்தா காலத்து வேட்டை ரைஃபிள் ஒன்று உண்டு. முறையான லைசன்ஸோடு. ட்ரிக்கருக்குக் கீழே வளையம் மாதிரி ஒரு லீவர். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் 'கடக் கடக்'... அடுத்த தோட்டா ஏறிவிடும். தோட்டா இருந்தால்!

இருந்ததே மூன்று. சென்னையில் ஒரு துப்பாக்கிக் கடையில் கேட்டதற்கு, மியூசியத்தில் விசாரிக்கச் சொல்லிவிட்டார்களாம். அதனால் வெள்ளிக்கிழமைதோறும் எண்ணெய் போட்டுத் துடைப்பார், காலி லீவரை நாலு தடவை இழுத்துப் பார்ப்பார், திரும்ப உள்ளே வைப்பார். சின்ன வயதில் இதால் காட்டுப்பன்றி சுட்டேன் என்பார். அந்தப் பன்றி வருஷா வருஷம் பெரிசாகும்.

டச்சுக் கல்லறை பார்க்க வருகிறவர்களை "டச்சுக்காரன் துப்பாக்கி கீது, பாக்குறீங்களா?" என்று வீட்டுக்குக் கூட்டிப் போவார். ஒருமுறை ஒரு காலேஜ் பொண்ணு குழலில் இருந்த எழுத்தைப் படித்துவிட்டு, "அங்கிள், இது அமெரிக்கா மேக். டச்சுக்காரங்க போய் ரொம்ப நாள் கழிச்சுதான் இதெல்லாம் வந்துச்சு" என்றது.

வந்ததே கோபம் பாய்க்கு! "டச்சுக்காரன் அமெரிக்காவுல வாங்கியிருப்பான். பில்ல உங்கிட்ட காட்டணுமா?"

தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். பழைய பெட்ஷீட்டில் சுற்றி, ஆட்டோவில் மடியில் படுக்க வைத்துக் கொண்டு போவார். யார் ஜெயிப்பார்கள் என்று ஊரே பேசும். பாய்க்கு ஸ்டேஷன் கூரை ஒழுகுமா என்பதுதான் கவலை.

சரி, சொல்ல வந்தது இதில்லை. வேற.

பதினைந்து வருஷம் இருக்கும். தை மாதப் பனி. நானும் நைனாவும் (அப்பாதான்) ஏரிக்குள் இருக்கிற பசியாவரத்திலிருந்து விடியலில் படகெடுத்தோம். மீனோடு ஏழு மணிக்கெல்லாம் பழவேற்காடு வந்துவிட வேண்டும். எட்டாகியும் பனி விலகவில்லை. நீட்டின கை தெரியவில்லை. கரை என்று நினைத்து நைனா படகை விட்ட பக்கம் முகத்துவாரம்... ஏரித் தண்ணீரைக் கடல் இழுக்கிற இடம்.

எங்களைக் காணோம் என்று தெரிந்ததும் பாய் ரைஃபிளை எடுத்துக்கொண்டு படகுத்துறைக்கு ஓடியிருக்கிறார். சத்தம் கேட்டால் கரை எந்தப் பக்கம் என்று தெரியுமே. வானத்தைப் பார்த்துச் சுட்டிருக்கிறார்.

ஒன்பது மணிக்குக் கரை சேர்ந்தோம். துறையில் ரைஃபிளோடு நின்றிருந்தார். "மாரி, எத்தினி சத்தம்டா கேட்டுச்சு?" என்றார் நைனாவிடம்.

நைனா என்னைப் பார்த்தார். பாயிடம் இருந்தது மூன்று தோட்டா என்று ஊருக்கே தெரியும்.

"மூணும் கேட்டுச்சு பாய். அத புடிச்சுதான் வந்தோம்."

பாய் கையிலிருந்த ரைஃபிளை ஒரு தடவை குனிந்து பார்த்தார். பிறகு நைனாவின் தோளில் தட்டி, "போ, போய் டீ குடி" என்றார். எங்களைக் காப்பாற்றின சந்தோஷம் என்று நினைத்தோம்.

பொய். சுத்தப் பொய். எங்களுக்கு ஒன்றுகூடக் கேட்கவில்லை.

பனியில் இன்ஜினை அணைத்துவிட்டுக் காது கொடுக்க வேண்டும். ஏரியில் இது தெரியாதவன் கிடையாது. பயத்தில் நாங்கள் அணைக்கவே இல்லை. அந்த டடடடவில் எது கேட்கும்? டீசல் தீர்ந்து இன்ஜின் தானாக நின்ற பிறகுதான் கேட்டது... பஜாரிலிருந்து கிளம்புகிற பொன்னேரி பஸ் ஹாரன். அந்தப் பக்கமாகக் கோல் ஊன்றி வந்தோம்.

கிடைக்காத தோட்டாவை நமக்காகச் செலவு பண்ணினவரிடம் பஸ் ஹாரன் என்று எப்படிச் சொல்வது?

அப்புறம் டீக்கடையில் புது ஆள் யார் வந்தாலும் இந்தக் கதைதான். பாதியில் என் பக்கம் திரும்புவார். "இவன்தான் சாட்சி. எத்தினி கேட்டுச்சு, சொல்றா." நான் "மூணு" என்பேன்.

நைனா கடைசி நாட்களில், "பாய்கிட்ட உண்மைய சொல்லிட்றா" என்றார். ரெண்டு வருஷமாக நாளைக்கு, நாளைக்கு... போன வாரம் வாய் வரைக்கும் வந்தது. "பாய், அன்னிக்கி பனியில..." என்றேன்.

"இன்னாடா?"

"ஒண்ணுமில்ல பாய். மூணும் நல்லா கேட்டுச்சு."

சிரித்தார். சிரித்துக்கொண்டே கடைக்குள் போய்விட்டார்.

இன்று அடக்கம் முடிந்ததும் அவர் மகன் ரஃபி, "துப்பாக்கிய ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும், கூட வாண்ணா" என்று வீட்டுக்கு அழைத்துப் போனான். பீரோவைத் திறந்தான். லைசன்ஸ் புத்தகத்துக்குப் பக்கத்தில் ஒரு கர்ச்சீப் முடிச்சு. அதற்குள் ஒரு தோட்டா. அடியில் ஊசி குத்தின மாதிரி சின்னப் பள்ளம்.

"இன்னா ரஃபி இது?"

"அன்னிக்கி துறையில வெடிக்காத தோட்டாண்ணா. நானும் பக்கத்துலதான் நின்னேன். ரெண்டுதான் வெடிச்சுது, இது நமுத்துப் போயிருந்துச்சு. யார்கிட்டயும் சொல்லாதன்னுட்டாரு வாப்பா. மாரி மூணுன்னுட்டான், மூணாவே இருக்கட்டும்னாரு."

அப்போ நாங்க சொன்னது பொய்னு பாய்க்கு அன்னிக்கே தெரியும். பதினைந்து வருஷம்! "எத்தினி கேட்டுச்சு, சொல்றா"ன்னு அத்தனை பேர் முன்னாடி...



பாய்... ஒண்ணுகூட கேக்கல பாய். பொன்னேரி பஸ் ஹாரன்.

போய்ட்டு வாங்க.