நியாரி வீட்டின் மேல் போன சாலை

சவோன் மணல் குழாயின் வாயில் நின்று வேலை பார்த்தவன். கம்போடியத் தலைநகர் புனோம்பென்னின் தென்கோடியில் இருந்த எங்கள் ஏரியில்தான் வேலை. ஆற்றில் உறிஞ்சிய மணல், நீளமான குழாய் வழியாகச் சேறும் நீருமாக வந்து ஏரிக்குள் கொட்டும். ஒரு பக்கம் மேடு தட்டியதும் குழாயைக் கழற்றி அடுத்த பக்கம் நீட்ட வேண்டும். நகரம் அப்படித்தான் எங்களை நோக்கி வந்தது.

அவன் அக்கா நியாரியின் வீடு அதே ஏரியின் தென்கரையில், மரக்கால்களின் மேல், என் வீட்டுக்கு மூன்றாவதாக நின்றது. பொல்பொட் ஆட்சியின் பட்டினியில் தாய் தகப்பன் போன பிறகு, பதினைந்து வயதில், நடக்கத் தெம்பில்லாத ஆறு வயதுத் தம்பியை முதுகில் சுமந்து வந்து அங்கே குடியேறியவள். ஏரியில் வள்ளைக்கீரை வளர்த்து விற்று அவனை ஆளாக்கினாள். தனக்கென்று ஒரு கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை.

சவோனுக்கு அந்த வேலை கிடைத்தபோது அவளுக்குத்தான் பெருமை அதிகம். மணல் அப்போது வடகரையில் எங்கோ விழுந்துகொண்டிருந்தது.

"என் கீரைகிட்ட வந்தா முன்னாடியே சொல்லுடா. வேரோட பிடுங்கி உன் முதலாளி வாசல்ல நட்டுட்டு வர்றேன்" என்பாள்.

"அங்க பூரா சிமெண்டுக்கா. உன் கீரை எங்க முளைக்கும்?" என்பான் அவன்.

ஒரு மழை நாளில் ஒதுங்குவதற்காக அலுவலகக் கொட்டகைக்குள் போனவன், சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்தான். அதில் ஏரியே இல்லை. கட்டம் கட்டமாக மனைகள், நடுவில் அகலமான ஒரு சாலை. எங்கள் கரையோரப் புத்த விகாரை இருக்கும் இடத்திலிருந்து விரலால் அளந்து பார்த்தான். சாலை எங்கள் வீட்டு வரிசையின் மேலேயே போயிற்று.

அவன் யாரிடமும் சொல்லவில்லை. தன்னை வேறு இடத்துக்கு மாற்றும்படி மேஸ்திரியிடம் மட்டும் கேட்டான்.

"நீ இல்லாட்டி இன்னொருத்தன் நிப்பான். மணல் நிக்காது" என்றார் அவர்.

கல்யாணமாகி அவன் தனியாகக் குடியிருந்த வீட்டில் மனைவிக்கு எட்டாம் மாதம். திரும்பி வந்து குழாயின் வாயில் நின்றான்.

ஏழு மாதம் கழித்து ஆட்கள் வந்து, இடிப்பதற்கு அடையாளமாக எங்கள் சுவர்களில் சிவப்பு எண்களை எழுதினார்கள். அன்று சாயங்காலம் நாங்கள் எல்லோரும் நியாரி வீட்டில் கூடியிருந்தோம். சவோன் வந்தான்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டாள் நியாரி.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "போன மழைக்காலத்துலேர்ந்து தெரியும்க்கா."

"தெரிஞ்சுக்கிட்டே வாராவாரம் வந்து என் கையால சோறு தின்னுட்டுப் போனியா?" சுவரிலிருந்த சிவப்பு எண்ணைத் தொட்டுப் பார்த்தாள். "சரி, இந்த இடத்துல என்ன வருது? யாருக்காவது வீடா?"

"ரோடுக்கா."

"வீடா இருந்தாலாவது பரவாயில்ல. யாராச்சும் உக்காந்து சாப்பிடுவாங்க."

எங்களுக்கு நகரத்துக்கு வெளியே, வெகுதூரத்தில் வெடித்துக் கிடந்த வயல்காட்டில் மனை கொடுத்தார்கள். நியாரி ஒரு வாளியில் கொண்டு வந்த கீரைத்தண்டுகள் நான்காம் நாளே கருகிவிட்டன. சவோன் ஞாயிறுதோறும் மோட்டார் சைக்கிளில் தண்ணீர் டின்களைக் கட்டிக்கொண்டு வருவான். அவள் வாங்கிக்கொள்வாள், பேசமாட்டாள்.

"ஒரே தம்பி. ஒரு வார்த்தை பேசினாத்தான் என்ன?" என்றேன் ஒருநாள்.

"பேசினா அழுதுருவான். அவன் அழுதா எனக்குத் தாங்காது" என்றாள்.

இரண்டாம் வருடம் கடுங்காய்ச்சலில் விழுந்தாள். சவோன் வாடகைக்கு ஒரு டுக்டுக் வண்டி பிடித்து வந்தான். நானும் கூடப் போனேன். நகரத்துக்குள் நுழையும்போதே மழை பிடித்துக்கொண்டது. முன்பெல்லாம் ஏரிக்கு ஓடிவிடும் தண்ணீர் போக இடமில்லாமல் தெருவெல்லாம் நின்றது. வண்டி நின்றுபோனதும் சவோன் இறங்கி முழங்கால் ஆழத்தில் பின்னாலிருந்து தள்ளினான்.

என் மடியில் கிடந்தவள் கண்ணைத் திறந்து, "டேய், நனையாத. உள்ள ஏறு" என்றாள்.

மழைச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் போய்விட்டாள். அவள் சொன்னதைத் தகனம் முடிந்த பிறகுதான் அவனிடம் சொன்னேன். விகாரைப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

மணல் வேலையை விட்டுவிட்டு இப்போது அவன் டுக்டுக் ஓட்டுகிறான். ஏரி இருந்த இடத்தில் எழும்பிய அந்தப் புதுக் குடியிருப்புக்கு யாராவது சவாரி கேட்டால் மறுப்பதில்லை. "எனக்கு அங்க வழி தெரியாதுங்க, நீங்கதான் சொல்லணும்" என்பானாம்.