கிரீஸுக்கு அடியில்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஒற்றை அறை வீட்டில் மாரிக்கனியும் அவள் கணவர் வேலுசாமியும் இருந்தார்கள். இராஜபாளையத்து நூற்பாலையில் இருபத்தெட்டு வருஷம் பஞ்சுத்தூசியைச் சுவாசித்தவருக்கு, ஆக்சிஜன் மிஷின் இல்லாமல் இப்போது அரைமணி நேரம்கூடத் தாங்காது. கரண்ட் போனால் மிஷினை ஓட்ட இன்வெர்ட்டரும் பேட்டரியும் உண்டு. அவற்றை மாட்டிய ஜெபக்குமார், பேட்டரி முனைகளில் உப்புப் பூக்காமலிருக்கத் தடவச் சொல்லி ஒரு கிரீஸ் டப்பாவும் கொடுத்திருந்தான்.

மாரிக்கனி சொன்னதைத் தவறாதவள். வெள்ளிதோறும் வீடு கழுவியதும் இரண்டு முனைகளிலும் விரலால் கிரீஸை அப்புவாள், பழையதன் மேலேயே புதியது. இரண்டு வருஷத்தில் முனைகளே தெரியாதபடி அது மூடிவிட்டது.

ஆடிக் காற்றில் ஒரு மதியம் கரண்ட் போயிற்று. இன்வெர்ட்டர் இரண்டு முறை கீச்சிட்டு அணைந்தது. ஆக்சிஜன் மிஷினும் நின்றது. பக்கத்து வீட்டு ஜாஸ்மினை ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொல்லிவிட்டு, ஜெபக்குமாரைப் போனில் பிடித்தாள்.

“தம்பி, மிஷின் ஓடலை. அவியளுக்கு மூச்சு முட்டுது.”

அவன் இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் வேலையாக இருந்தான். “இந்தா கெளம்பிட்டேன்க்கா. இன்வெர்ட்டரை அமத்திட்டு, கிரீஸைத் துணியால தொடச்சுப் பாருங்க.”

துடைத்தாள். அடியில் பச்சையும் வெள்ளையுமாக உப்பு பொரிந்திருந்தது. துணி பட்டதும் ஒயரின் நுனி உதிர்ந்து கையோடு வந்தது. அதைப் போனில் அவனிடம் சொன்னாள்.

“உப்பைச் சுரண்டி, நட்டை இறுக்கிட்டுத்தானக்கா கிரீஸ் வைக்கணும். உப்பு மேலயே வச்சா உள்ள அரிச்சிரும்.”

“தடவணும்னுதானப்பா சொன்ன?”

“ஆமாக்கா. அம்புட்டுதான் சொன்னேன்.”

கட்டில் விளிம்பைப் பிடித்தபடி வேலுசாமியின் தோள்கள் ஏறி இறங்கின. உதடு கறுத்துக்கொண்டு வந்தது. அவர் முகத்து வியர்வையைக்கூட அவளால் துடைக்க முடியவில்லை. கையெல்லாம் கிரீஸும் உப்பும்.

“மாரி,” என்றார். அதற்கு மேல் வரவில்லை.

ஆம்புலன்ஸ் வர இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. புது ஒயரோடு ஜெபக்குமார் வந்தபோது வீட்டில் யாருமில்லை.

ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்து வேலுசாமி உயிரோடு திரும்பினார். ஆனால் முன்போல் வாசல்வரை நடக்க அவரால் ஆகவில்லை. ஜெபக்குமார் ஒயரை மாற்றி, சுரண்டுவது முதல் எல்லாவற்றையும் அவளையே செய்ய வைத்துக் காட்டினான்.

இருந்தும் இப்போதெல்லாம் கரண்ட் இருக்கும்போதே அவள் போய் பேட்டரி பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறாள்.

“அங்க உக்காந்து என்ன செய்யப் போற?” என்று ஒருநாள் அவர் கேட்டார்.

“ஒண்ணும் செய்ய முடியாதுதான்,” என்றாள். எழுந்திருக்கவில்லை.