நாற்பது நாளில் ஒரு மீன்தொட்டி

1. அப்பா கட்டிய மீன்தொட்டி முதல் நாளே ஒழுகியது.
2. இரண்டாம் தடவை ஒழுகவில்லை. மீன்கள் செத்தன.
3. மூன்றாம் தடவை எல்லாவற்றையும் முறைப்படி செய்தார். தண்ணீரை ஊற்றிவிடும்படி சுகாதாரப் பரிசோதகர் சொன்னார்.
4. அப்பா கட்டாருக்குத் திரும்பிப் போனார்.

இவ்வளவும் அவருடைய நாற்பது நாள் லீவுக்குள் நடந்தவை. எனக்கு அப்போது ஏழு வயது. அம்மாவுடனும் அம்மாவின் தம்பியான மாமாவுடனும் கரவெட்டியில் இருந்தேன்.

அப்பா முதலில் போனபோது எனக்கு ஒன்றரை வயது. யுத்தத்தால் பாதை பூட்டியிருந்த வருடங்களில் அவர் வரவில்லை. ஆகவே எனக்குத் தெரிந்த அப்பா தொலைபேசிக்குள் இருந்தார். வெள்ளிக்கிழமைகளில் கதைப்பார். பள்ளிக்கூடத்தில் யார் யாருக்கு அடித்தது என்பது வரை அவரிடம் சொல்வேன். வரும்போது என்ன வேணும் என்று கேட்டதற்கு, மீன்தொட்டி என்று சொன்னதும் அவரிடம்தான். ஆனால் மூன்று பெரிய பெட்டிகளோடு வாசலில் வந்து இறங்கியவர் மீசை வைத்த, தடித்த, வேறொரு ஆள். அவர் கூப்பிட்டால் நான் அம்மாவுக்குப் பின்னால் போய் நின்றேன். ஏதும் சொல்ல வேண்டியிருந்தால், "அவரிட்டைச் சொல்லுங்கோ" என்று அம்மாவிடம் சொன்னேன். மூன்றாம் நாள், வீட்டில் ஒருவர் வந்து நிற்பதைப் பற்றி அப்பாவுக்குப் போன் எடுத்துச் சொல்ல வேணும் என்று கேட்டேனாம். அம்மா அதை ஒரு பகிடியாக அவரிடம் சொல்லப் போய், அவர் சிரிக்காததைக் கண்டு பாதியில் நிறுத்திவிட்டாராம்.

அடுத்த நாள் காலை அவர் நெல்லியடிக்குப் போய்க் கண்ணாடி வெட்டுவித்துக்கொண்டு வந்தார்.

யாழ்ப்பாணத்தில் கட்டின தொட்டியே வாங்கலாம் என்று மாமா சொல்லிப் பார்த்தார். அப்பாவுக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டது. கட்டாரில் அவருடைய வேலையே உயர்ந்த கட்டடங்களுக்குக் கண்ணாடி பூட்டுவதுதான். முற்பகலில் ஐந்து கண்ணாடிகளையும் சிலிக்கோன் பசையால் ஒட்டினார். பின்னேரமே தண்ணீர் நிரப்பினார். தண்ணீர் ஒரு மூலையால் வெளியே வந்து, மேசைக்காலால் இறங்கி, அவர் கொண்டுவந்த புதுக் கம்பளத்துக்குள் போய்விட்டது. அம்மா பழந்துணிகளோடு ஓடிவந்தார். அப்பா அந்த மூலையைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"நாப்பது மாடிக் கட்டடம். ஒரு சொட்டு மழைத்தண்ணி உள்ளுக்கை போகேல்லை. இந்தக் கைதான் பூட்டினது."

"அத்தான், அங்கை மழை பெய்யிறதோ?" என்று மாமா கேட்டார்.

அப்பா உள்ளேயும் வெளியேயும் இன்னொரு தரம் பசை வைத்தார். இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய், நாலு தங்கமீன்களைப் பொலித்தீன் பையில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர், உந்த நாலு மீனையும் எத்தனை பேருக்குக் கறி வைக்கப் போறியள் என்று விசாரித்தாராம். அன்றைக்கும் அந்தப் பசையால் வீடு முழுக்க வினாகிரி மணம். மறுநாள் நான் பள்ளிக்கூடத்தால் வந்து பார்க்கிறேன், நாலும் வயிறு மேலே தெரிய மிதந்துகொண்டிருந்தன. மாமா குனிந்து மணந்து பார்த்துவிட்டு, அத்தான் மீன் வளர்க்கவில்லை, ஊறுகாய் போட்டிருக்கிறார் என்றார். அப்பா அவற்றை வாழையடியில் தாட்டார். பாவம் என்று அவரிடம் சொல்லும்படி அம்மாவிடம் சொன்னேன். மீன்களைத்தான் சொன்னேன்.

மூன்றாம் தடவை அவர் அவசரப்படவில்லை. பழைய பசையை பிளேட்டால் சுரண்டி எடுத்து, புதிதாக ஒட்டி, ஒரு கிழமை, ஏழு நாள், தொடாமல் விட்டார். பிறகு நிரப்பினார், ஊற்றினார், மறுபடி நிரப்பினார். மீன் விட முன்னம் இன்னும் இரண்டு கிழமை தண்ணீர் பழகட்டும் என்றார். காலையில் தேத்தண்ணியோடு அந்த வெறுந்தண்ணீருக்கு முன்னால் கதிரை போட்டு இருப்பார். நான் மற்றப் பக்கத்தில் நின்று பார்ப்பேன். தண்ணீருக்கூடாகப் பார்த்தால் அவருடைய முகம் அகலமாகத் தெரியும். அப்படிப் பார்ப்பதில் எனக்குப் பயம் இருக்கவில்லை.

அவர் போவதற்கு நாலு நாள் இருக்கும்போது டெங்கு பார்க்கிறவர்கள் வந்தார்கள். மழைக்காலம், வீடு வீடாகச் சிரட்டை, ரயர் எல்லாம் கவிழ்த்துக்கொண்டு வந்தார்கள். பரிசோதகர் இளம் ஆள். தொட்டிக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார்.

"இதென்ன அண்ணை?"

"மீன்தொட்டி."

"மீன் எங்கை?"

"இனித்தான் வரும்."

"மீனுக்கு முந்தி நுளம்பு வந்திட்டுது. புழுப் புழுவாக் குடம்பி ஓடுது, பாருங்கோ. ஊத்திப்போட்டுக் கழுவுங்கோ."

அப்பா எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினார்: பசை, கிழமைக் கணக்கு, தண்ணீர். பரிசோதகர் மரியாதையாகக் கேட்டார்; பிறகு மறுபடியும் ஊற்றச் சொன்னார். அவர் சொன்னதில் பிழை இல்லை. அப்பா தொட்டியின் விளிம்பில் கை வைத்தார். நான் போய் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டேன்.

"இது எங்கடை அப்பா கட்டினது. ஊத்தாதேங்கோ."

அப்பா விளிம்பிலிருந்து கையை எடுத்தார். சரி தம்பி, ஊத்திறம் என்று பரிசோதகரைப் பார்த்துச் சொன்னார். வாளி வாளியாக மொண்டு வெளியே ஊற்றினார். பிறகு கிணற்றடிக்குப் போய் நெடுநேரம் முகம் கழுவினார். அம்மா என்னிடம் துவாயைத் தந்து அனுப்பினார். தொட்டி போன கவலையில் அழுகிறார் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

துவாயை வாங்கியவர் முகத்தைத் துடைக்கவில்லை.

"பிள்ளை அவையளிட்டை இப்ப என்ன சொன்னது?"

பெரியாட்களுக்கு நடுவில் வாய் காட்டியதற்கு ஏசப் போகிறார் என்று எனக்குப் பயம் வந்தது.

"நான் ஒண்டும் சொல்லேல்லை."

அவர் சிரித்துவிட்டு, சரி என்றார்.

அதன் பிறகு திரும்பக் கட்ட நாள் இருக்கவில்லை. அவர் போன பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை, தொலைபேசியில் எப்போதும் போல அப்பா, அப்பா என்று கதைத்தேன். அதில் ஒரு சிரமமும் இல்லை.

நான் இப்போது கட்டடப் பொருள்களைச் சோதிக்கும் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். அந்தப் பசை முழுதாக இறுக ஒரு கிழமை வேண்டும். வினாகிரி மணம் போகாமல் அதற்குள் மீன் விடக் கூடாது. இது கண்ணாடி பூட்டுகிற எவருக்கும் முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும். அப்பாவுக்கும் தெரிந்திருந்தது. அவருக்கு வேலை தெரியாது என்று நான்தான் அப்போது நினைத்தேன். முதல் இரண்டு தடவையும் லீவு நாள்களை மிச்சம்பிடிக்கப் பார்த்தார். மூன்றாம் தடவை, மிஞ்சியிருந்த நாள்களையெல்லாம் அந்தத் தண்ணீருக்குக் கொடுத்தார்.

தொட்டி இப்போதும் கூடத்தில் இருக்கிறது, ஒழுகுவதில்லை. எட்டு மீன்கள் நிற்கின்றன. கட்டாரில் அப்பாவின் இப்போதைய ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு வருடமும் இரண்டு மாதமும் இருக்கின்றன.