அப்பாவின் வீட்டு ஷூ

அப்பாவின் ஷூவின் அடியில் இன்றைக்கும் துளி மண் கிடையாது. தெருவையே பார்க்காத ஷூ அது. கரியாஹாட் கடைத்தெருவில் நாலு கடை ஏறி இறங்கி நான் வாங்கி வந்தது. கெட்டியான அடி, சற்றே உயர்ந்த குதிகால். பளு தூக்குகிறவர்கள் ஸ்க்வாட் செய்ய, அதாவது பாரத்தோடு உட்கார்ந்து எழ, போட்டுக்கொள்ளும் வகை. எழுபத்தாறு வயதுக்காரருக்கு இது எதற்கு என்று கடைக்காரர் கேட்டார். நாற்காலியிலிருந்து எழுந்திருக்க என்றேன். சிரித்தார்.

லேக் கார்டன்ஸில் ஒரு ஜிம்மில் நான் பயிற்சியாளர். புதிதாக யார் வந்தாலும் முகத்துக்கு முன்னால் காலைத்தான் பார்ப்பேன். மெத்தென்ற ஓட்ட ஷூவோடு ஸ்க்வாட் செய்ய வந்தால் கழற்றச் சொல்வேன். பாரம் ஏறினால் அது அமுங்கி ஆளைத் தடுமாற வைக்கும். கணுக்கால் சரியாக மடங்காதவர்களுக்குக் குதிகால் உயர்ந்த ஷூ வேண்டும். லேசான பக்கவாதம் வந்து போன பிறகு அப்பாவுக்குக் கணுக்கால் இறுகிவிட்டது. வெறுங்காலோடு எழ முயன்றால் குதிகால் தரையை விட்டுக் கிளம்பிவிடும், மனிதர் மறுபடி நாற்காலியிலேயே விழுவார். பாத்ரூம் போகக்கூட மகளைக் கூப்பிட வேண்டியிருந்ததில் கூனிக் குறுகிப் போனார்.

ஆனால் ஷூவைக் கண்டதும் ஒரே குதி. "ஆத்துக்குள்ள செருப்பா? உங்கம்மா இருந்தா விட்டிருப்பாளா?" அம்மா போன பிறகு அவளுடைய சட்டங்கள் அப்பாவிடம் இன்னும் கடுமையாகியிருந்தன. இது வாசலே தாண்டாது, வீட்டுக்கு மட்டும்தான் என்று ஒரு வாரம் கெஞ்சினேன். கடைசியில் காலை நீட்டினார். ஒரு மாதத்தில் கையை ஊன்றாமல் எழுந்தார். எழுந்து நின்று "பாத்தியா!" என்று அதட்டினார், அதுவரை நான்தான் அவரைப் பிடித்து உட்கார வைத்திருந்த மாதிரி.

நவராத்திரி வந்தது. அம்மா வைத்த மாதிரியே கொலு வைத்தேன். மாமிகள் வருகிற நேரத்தில் கூடத்தில் ஷூ எதற்கு என்று நானே அதைக் கழற்றி வாசல் அலமாரியில் வைத்துவிட்டேன். தெருமுனைப் பூஜைப் பந்தலில் மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. அப்பா என்னைக் கிட்டே கூப்பிட்டு, "அதக் கொண்டாயேன்" என்றார் மெதுவாக.

"கொலு முன்னாலயாப்பா? எல்லாரும் பாக்கறா. சித்த பொறுத்துக்கோப்பா."

எனக்கு வெட்கமாக இருந்தது. அதுதான் உண்மை.

தாம்பூலம் வாங்கிக்கொண்டு ஒரு மாமி கிளம்பினார். உட்கார்ந்தபடி யாரையும் வழியனுப்பிப் பழக்கமில்லாதவர் அப்பா. குங்குமச் சிமிழை வைத்துவிட்டு நான் திரும்புவதற்குள் எழுந்துவிட்டார், விழுந்தும்விட்டார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

பெங்களூரிலிருந்து அண்ணா நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தான். "ஷூ போட்டுக்கலையா?" என்றுதான் முதலில் கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "இவ போட்டுக்கோ போட்டுக்கோன்னுதான் சொன்னா. நான்தான் கொலு முன்னால வேண்டாம்னு கழட்டிட்டேன்." சொல்லிவிட்டு என் பக்கம் பார்க்கவே இல்லை. மூன்று வாரம் படுக்கையில் கிடந்தார். சளி கட்டி, மூச்சு முட்டி, போய்விட்டார்.

இப்போதும் போனில் பேசும்போது அண்ணா மனசு ஆறாமல் சொல்வான்: "அப்பா அன்னிக்கு உன் பேச்சக் கேட்டிருக்கலாம்."

ஆமாண்ணா என்கிறேன்.